பாப்பாரப்பட்டிக்குப் போன குழாய்

பெங்களூரிலிருந்து தருமபுரி வரும்வரை என் நண்பர் சிவசங்கரன் பஸ்ஸில் சாய்ந்து உட்காரவே இல்லை. மடியில் ஒரு தலையணை; தலையணைக்குள் ஒரு குழாய். நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. பருமன் கட்டைவிரல் அளவு. நிறம் சிலேட்டு. பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவர் தலையணையை இரண்டு கைகளாலும் ஏந்தி உயரே தூக்கிவிடுவார். பள்ளம் கடந்ததும் மெல்ல இறக்குவார்.

கிருஷ்ணகிரியில் ஏறி எங்களுக்கு எதிரே உட்கார்ந்த அம்மாள் நாலைந்து பள்ளங்கள் வரை பொறுத்துப் பார்த்தார்.

"கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

"குழந்தை இல்லம்மா. குழாய்."

"கொழாயிக்கா தலவாணி?"

"கீழே விழுந்தா உடைஞ்சிடும்."

"கண்ணாடிங்களா?"

"உலோகம் மாதிரிதான்."

"உலோகம் ஒடையுமாங்க? அப்பறம் அது எதுக்குத்தான் ஆவும்?"

"ஆயிரத்து அறுநூறு டிகிரி சூட்டைத் தாங்கும்மா" என்றார் சிவசங்கரன், சற்றே பெருமையாக.

அம்மாள் தலையணையை எட்டிப் பார்த்தார். "எங்க வூட்டுக்காரரு இதுக்குத் தலகீழுங்க. எங்க வுழுந்தாலும் ஒண்ணும் ஆவறதில்ல. ஒரு வார்த்த சூடா சொல்லிட்டா தாங்க மாட்டாரு" என்றார். அடுத்த பள்ளத்தில் அவரும் ஒரு கை கொடுத்துத் தலையணையைத் தூக்கினார்.

சிவசங்கரன் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உலோகவியலாளர். நான் சென்னையில் ஒரு நாளிதழில் பல வருடம் செய்தி எழுதிவிட்டு, அறிவியல் பற்றியும் எழுதிப் பார்க்கலாம் என்று அவரோடு தொற்றிக்கொண்டவன். தருமபுரி அப்போது சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தூத்துக்குடிக்காரனான எனக்கு அது வெளிநாடு மாதிரிதான். கண்ணுக்கு எட்டிய தூரம் பாறை, புளியமரம், கேழ்வரகு. ஈரக்காற்று என்பதே இல்லை. சட்டை துவைத்துப் போட்டால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. எங்கள் ஊரில் உப்பைத் தவிர வேறெதுவும் அப்படிக் காயாது.

குழாய் எதனால் ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாலிப்டினம் என்று ஓர் உலோகம். மணலில் இருக்கிற சிலிக்கன் இன்னொன்று. இரண்டையும் குறிப்பிட்ட கணக்கில் சேர்த்தால் மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கலந்திருப்பது போன்ற கலப்பு அல்ல இது. சிவசங்கரன் பஸ்ஸையே காட்டி எனக்கு விளக்கினார். பித்தளையில் அணுக்கள் இந்த பஸ்ஸின் பயணிகள் மாதிரி. யாரும் எங்கும் உட்காரலாம், இடித்தால் நகரலாம், நெருக்கினால் வளையலாம். இந்தச் சேர்மத்தில் ஒவ்வொரு அணுவுக்கும் முன்பதிவு செய்த இருக்கை. எவ்வளவு சூடு ஏறினாலும் இருக்கையை விட்டு எழுந்திருக்காது. அதனால்தான் வெண்சூட்டிலும் உருவம் மாறாமல் நிற்கிறது. அதே காரணத்தால்தான் குளிரில் தட்டினால் நகர்ந்து கொடுக்கத் தெரியாமல் உடைகிறது. இந்தக் குடும்பத்தில் பலபேர் இருக்கிறார்களாம். நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த ஒன்று, சூடு ஏற ஏற ஓரளவு வரைக்கும் முன்னைவிட வலுவாகிறதாம். ஜெட் விமானத்தின் எஞ்சினுக்குள் சுழலும் தகடுகள், மின்சார உலையின் சூடேற்றும் கம்பிகள் என்று எதிர்காலத்தில் இவற்றுக்கு ஏகப்பட்ட வேலைகள் காத்திருக்கின்றன என்றார்.

நிகழ்காலத்தில்தான் சிக்கல். அவருடைய வேலையைப் பரிசீலித்த குழு கறாராகச் சொல்லிவிட்டது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, நிஜமான தொழில் நடக்கிற ஓர் உலையில் இந்தக் குழாய் நின்று காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆய்வை மூடிவிட்டு, கொதிகலன்களில் துரு பிடிப்பதை ஆராயும் பிரிவுக்கு அவரை அனுப்பிவிடுவார்கள். செய்த குழாய்களில் மற்றவை எல்லாம் மேசையிலிருந்து உருண்டும், கை தவறியும், ஒன்று ஒரு மேலதிகாரி ஆர்வமாக வளைத்துப் பார்த்ததிலும் உடைந்து போயின. மிச்சம் இருந்தது தலையணைக்குள் இருந்த ஒன்றுதான்.

பெரிய தொழிற்சாலைகள் இந்த ஒற்றைக் குழாய்க்காக உலையைத் திறந்துவிட மறுத்துவிட்டன. சரி என்றவர் பாப்பாரப்பட்டியில் வார்ப்புப் பட்டறை வைத்திருந்த சவரிமுத்து ஒருவர்தான். ஆய்வுக்கூடத்தில் லேத் ஓட்டுகிறவருக்கு அவர் மாமன்.

சவரிமுத்து ஐம்பதைத் தாண்டிய, தடித்த கத்தோலிக்க விவசாயி. கரும்பு ஆலைக்கு உருளை வாங்கப் போய், வாங்கியது இரண்டும் விரிசல் விட்டதால் ஆத்திரப்பட்டு, தானே வார்க்கிறேன் என்று பட்டறை போட்டவர். இப்போது அவர் வார்க்கிற உருளைகளிலும் சில விரிசல் விடுகின்றன. குற்றம் இரும்பில் இல்லை, சூட்டில்தான் என்பது அவர் கட்சி. சிவசங்கரனின் குழாய்க்குள் சூட்டை அளக்கும் மெல்லிய கம்பிகளை விட்டு உலைக்குள் செருகினால் சூடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். குழாய் கம்பிகளைக் காக்கும் உறை. இரண்டு பேருக்கும் லாபம்.

"வாங்க வாங்க. வழியில ஒண்ணும் ஆவலியே?" என்றார். எங்களைக் கேட்கவில்லை, தலையணையைக் கேட்டார்.

பட்டறை என்பது பனை ஓலைக் கூரை, மணல் குவியல், நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புப் பீப்பாய். அதுதான் உலை. உள்ளே செங்கல் வைத்துக் களிமண் பூசியிருந்தது. உலைக்குப் பொறுப்பு மாதப்பன். வீட்டில் கன்னடம், பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அவர் உலையைத் தட்டிக்காட்டி, "நேத்துதாங்க புதுப் பூச்சு போட்டோம். ரெண்டு நாளு காயணும். பச்சையா இருக்கறப்ப பெரு நெருப்பு வுட்டா வெடிச்சிரும்" என்றார். புதுக்களிமண்ணுக்குள் ஈரம் இருக்கும். மெல்லிய விறகு நெருப்பில் அதைப் பதமாக உலர்த்திய பிறகுதான் கல்கரி போட்டு ஊதி வெண்சூடு ஏற்றுவார்கள். எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் உள்ள வழக்கம்தான்.

இரண்டு நாள் சும்மா இருக்க முடியாது. அரூர்ப் பக்கத்துப் பாறைகளில் மாலிப்டினம் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம் என்றார் சிவசங்கரன். குழாயை பஸ்ஸில் இன்னொரு முறை ஏற்றிப் போக அவருக்குத் தெம்பில்லை. சவரிமுத்துவிடமே கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே நிபந்தனைகள் சொன்னார். கீழே போடக் கூடாது. தட்டக் கூடாது. சத்தம் கேட்டுப் பார்க்கக் கூடாது. வளைக்கக் கூடாது. யார் கேட்டாலும் கையில் கொடுக்கக் கூடாது.

"நீங்க போயிட்டு வாங்க. நானும் மாதப்பனும் இருக்கோம். ரெண்டு பேரும் கல்யாணப் பொண்ணப் பாத்துக்கற மாதிரி பாத்துக்கறோம்" என்றார் சவரிமுத்து.

மதியச் சாப்பாடு அவர் வீட்டில். அவர் மனைவி லூர்தம்மாள், "தவக்காலம்ங்க, கறி ஆக்கறதில்ல" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒரு பெரிய களி உருண்டையை என் தட்டில் வைத்தார். நான் அரிசிச்சோறு மாதிரி மெல்ல ஆரம்பித்தேன். வாயின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு நின்றுபோனது. "மெல்லக் கூடாதுங்க, முழுங்கோணும்" என்று சவரிமுத்து செய்து காட்டினார். கிள்ளி, கொள்ளுக் கடைசலில் புரட்டி, தலையைச் சற்றுத் தூக்கி, ஒரே விழுங்கு. மூன்றாவது முயற்சியில் எனக்கும் வந்தது. சிவசங்கரன் உருண்டையின் ஓரத்தை விரலால் அழுத்தி, விட்டதும் மீண்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அரூர்ப் பக்கம் அலைந்தோம். கையில் சுத்தியலோடு இரண்டு பேர் பாறை பாறையாக உட்கார்ந்து எழுந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் முதலில் வந்தார். பிறகு அவருக்குத் தெரிந்தவர்கள் வந்தார்கள். புதையல் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

"எந்த ராசா பொதச்சதுங்க?"

"ராஜா இல்லை. பாறைக்குள்ளேயே இருக்கிற உலோகம்."

"சொல்ல வேணாம்னா வுடுங்க. நாங்க கேக்கல."

கேட்கவில்லைதான், ஆனால் நாங்கள் தட்டிய ஒவ்வொரு இடத்தையும் ஒருவர் கல் அடுக்கி அடையாளம் வைத்துக்கொண்டே பின்னால் வந்தார். மாலையில் சிவசங்கரன் ஒரு பளபளப்பான துணுக்கைக் கண்டுபிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "வெறும் அபிரகம், மைக்கா" என்று சோர்ந்து கீழே போட்டார். அதை அவர்கள் எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். சித்தேரி மலையிலிருந்து இறங்கிய ஒருவர் விற்ற சாமையை வாங்கி, ஒரு ஓட்டலில் கொடுத்துச் சமைக்கச் சொன்னோம். எங்கள் ஊர் மீன்குழம்பு இருந்திருந்தால் அந்தச் சாமைச் சோறு இன்னும் சிறந்திருக்கும் என்பதைத் தவிர அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலை திரும்பும் வழியில் கம்பைநல்லூரில் பஸ் நின்றுவிட்டது. பழுதில்லை. சந்தைப் புளி மூட்டைகளைக் கூரையில் ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் பஸ் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக டிரைவர் சொன்னார். கண்டக்டர், இறக்க நேரமில்லை, தடித்த ஆட்கள் எல்லாம் வலது பக்கம் வாருங்கள் என்று ஆணையிட்டார். யாரும் தம்மைத் தடித்தவர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கண்டக்டரே ஆள் பொறுக்கினார். என்னைப் பொறுக்கியதும், சிவசங்கரனை விட்டதும் இரண்டுமே நியாயம் என்று இப்போது தோன்றுகிறது.

பாப்பாரப்பட்டியில் இறங்கியபோது மதியம். சவரிமுத்து சாலைவரை வந்து காத்திருந்தார். துண்டு தோளில் இல்லை, இடுப்பில் கட்டியிருந்தார். சாவு வீட்டில் நிற்பது போல நின்றார்.

"நாங்க கீழ போடலீங்க" என்றார்.

சிவசங்கரன் நேராகப் பட்டறைக்கு நடந்தார்.

மாதப்பன் ஒரு முறத்தை எடுத்து வந்து முன்னால் வைத்தார். முறத்தில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறத் தூள், இரண்டு கைப்பிடி. அதன் ஓரத்தில், குழாயின் மேல்முனை, ஒரு சாண் நீளம், எதுவும் ஆகாமல்.

"தட்டலீங்க. சத்தம் பாக்கலீங்க. ஊர்ல அம்பது பேரு வந்து கேட்டாங்க, யாரு கையிலயும் குடுக்கலீங்க" என்றார் மாதப்பன். "நீங்க போனதும் அத ஒலைக்கு மேல வெச்சேன். பூச்சு காயற நெருப்புல அதுவும் காயட்டும்னு. பச்சையா எதையும் ஒலையில வுடக் கூடாதில்லீங்களா? வார்க்கற கரண்டியக்கூடக் காய வெச்சித்தான் வுடறோம். ஈரம் இருந்து வெடிச்சிதுன்னா ஆளு கண்ணு போயிரும்ங்க. நேத்து நல்லாத்தான் இருந்திச்சி. இன்னிக்கிக் காலையில தொட்டுப் பாக்கறேன், மாவு."

"மாதாவே, தவக்காலத்துல இப்படி ஒரு பாவம் என் பட்டறையில" என்றார் சவரிமுத்து. "ஆயிரத்து அறுநூறு தாங்கும்னு சொன்னீங்க. நாங்க வெச்சது வெறும் வெறகு நெருப்புங்க. களி கிண்டற சூடு கொஞ்சம் தூக்கலா. அவ்வளவுதான்."

சிவசங்கரன் முறத்தின் அருகே உட்கார்ந்து தூளை விரல்களால் தேய்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "கொள்ளைநோய்" என்றார்.

எல்லாரும் ஓரடி பின்வாங்கினோம்.

மனிதர்களுக்கு வருவது அல்ல என்று அவர் விளக்கினார். இந்தச் சேர்மத்துக்கு வருவது. அந்தத் துறையில் அதற்கு அப்படியே பெயர். பெருஞ்சூட்டில் இதன் மேல் கண்ணாடி போல மெல்லிய தோல் ஒன்று உருவாகிக் காற்றை உள்ளே விடாமல் மூடிவிடும். பிறகு எவ்வளவு சூடும் ஒன்றும் செய்யாது. ஆனால் நடுத்தரச் சூட்டில், சுமார் ஐந்நூறு டிகிரியில், அந்தத் தோல் சரியாக உருவாகாது. நுண்ணிய துளைகள் வழியே காற்று உள்ளே போகும். உள்ளே புதுப்பொருள் உண்டாகி, உப்பி, விரித்து, இருந்த இடத்திலேயே மாவாக்கிவிடும். ஆயிரத்து அறுநூறில் நிற்பது ஐந்நூறில் உதிர்ந்துவிடும்.

எங்கள் பத்திரிகையில் இப்படி ஒரு துணை ஆசிரியர் இருந்தார். புயல், போர், தேர்தல் எது வந்தாலும் மலை மாதிரி நிற்பார். செய்தி ஒன்றும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் உதிர்ந்துவிடுவார்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று சிவசங்கரனைக் கேட்டேன்.

"படிச்சிருக்கேன். சொல்லத் தோணலை. விழக்கூடாது, விழக்கூடாதுன்னே நினைச்சிட்டிருந்தேன்."

அவர் முகத்தில் கொதிகலன் துரு தெரிந்தது. லூர்தம்மாள் மோர் கொண்டுவந்தார். யாரும் குடிக்கவில்லை. கடைசியில் மாதப்பன்தான் முறத்தில் இருந்த ஒரு சாண் துண்டைச் சுட்டினார்.

"இது வெளிய நீட்டிட்டு இருந்த முனைங்க. இதுக்குச் சூடு படல. இன்னிக்கி எப்படியும் வார்க்கணும், ஆலைக்காரரு நிக்கறாரு. இத ஒலையில வுட்டுப் பாக்கலாங்களா? காய வெக்காம?"

கடைசி இரண்டு சொற்களைச் சொல்ல அவர் மிகவும் சிரமப்பட்டார்.

உலை எரியத் தொடங்கியது. ஊதி இரைந்தது. பக்கத்தில் இருந்த துவாரம் வழியே உள்ளே பார்த்தால் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு கண் வைக்க முடியாத வெள்ளை. சிவசங்கரன் நடுத்தரச் சூட்டில் துண்டு அதிக நேரம் தங்கக் கூடாது என்றார். வழியில் எந்த ஊரிலும் நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரி போக வேண்டும். ஆனால் சட்டென்று போனாலும் அதிர்ச்சியில் உடையலாம். "வேகமா, ஆனா மெதுவா" என்றார். மாதப்பன் அவரைப் பார்த்த பார்வையில் மூன்று மொழிகளும் இருந்தன.

நீண்ட இடுக்கியில் துண்டைப் பிடித்து மாதப்பன் துவாரத்தின் வாயில் காட்டினார். சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். "பேகா, பேகா!" என்று மாதப்பன் தனக்குத்தானே கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டு உள்ளே செலுத்தினார். உடைகிற சத்தத்துக்காக நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். வரவில்லை.

உருளைகள் வார்த்து முடியும்வரை அது உள்ளேயே இருந்தது. இடுக்கியை இரண்டு முறை மாற்ற வேண்டியதாயிற்று. இடுக்கியின் நுனி வளைந்துவிட்டது. வெளியே எடுத்து ஆறவைத்தபோது துண்டு உள்ளே போன அளவிலேயே இருந்தது, நுனிகள் மழுங்கவில்லை. மேலே எண்ணெய் தடவியது போல ஒரு பளபளப்பு. சிவசங்கரன் அதைக் கையில் எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, அதுவரை தொடாத மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

அன்று மாலை கிளம்பும் முன் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பத்திரிகைக்காரனுக்கு வரக்கூடிய சந்தேகம். குழுவிடம் எதைக் காட்டுவார்? துண்டு மட்டும் போதும். நின்று காட்ட வேண்டும் என்றார்கள், நின்று காட்டிவிட்டது. முறத்துத் தூளைப் பற்றி யாருக்குத் தெரியும்?

கேட்டேன். சிவசங்கரன் பதில் சொல்வதற்குள் சவரிமுத்து குறுக்கிட்டார். "தூளையும் காட்டணும்ங்க. இல்லீன்னா நாளைக்கி இன்னொரு பட்டறையில இன்னொருத்தன் காய வெப்பான். நான் பட்ட பாடு அவனுக்கு எதுக்கு?" ஒரு காலித் தகர டப்பாவில் தூளைக் கொட்டி, மூடி, துணி சுற்றிக் கொடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காய வெச்சது சவரிமுத்துன்னு எழுதிக்கலாங்க. வெக்கப்பட மாட்டேன்" என்றார்.

சிவசங்கரன் இரண்டையும் குழுவின் மேசையில் வைத்தார். துருப் பிரிவுக்குப் போகத் தயாராகத்தான் போயிருக்கிறார். குழு துண்டை எடுத்துக் கை மாற்றிப் பார்த்துப் பாராட்டிவிட்டு வைத்துவிட்டது. டப்பாவைத்தான் திறந்து வெகுநேரம் பார்த்தார்கள். விறகு நெருப்பில் இவ்வளவு சீக்கிரம் எப்படி மாவாயிற்று, துளைகள் காரணமா, விறகுச் சாம்பல் காரணமா, இதைத் தீர்க்காமல் எந்த உலையிலும் வைக்க முடியாதே என்று ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். குழாய் முழுதாக நின்றிருந்தால் நன்றி சொல்லி ஆய்வை முடித்திருப்பார்கள் என்று சிவசங்கரன் நினைக்கிறார். உதிர்ந்ததால் வேலை நீண்டது. புதிதாக மூன்று குழாய்கள் செய்யச் சொன்னார்கள். அவற்றை அதே பட்டறையில், அதே விறகில், அதே மாதிரி உதிரவைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துவர வேண்டும்.

மழைக்காலம் கழிந்து மறுபடி போனோம். இம்முறை மூன்று தலையணைகள். சவரிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"தெரிஞ்சே கெடுக்கச் சொல்றீங்களா?"

"அதுதான் ஆய்வு. கெட்டாத்தான் எனக்கு வேலை."

"அன்னிக்கித் தெரியாம செஞ்சது. சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லி முடிச்சிட்டேன். தெரிஞ்சி செய்ய மாட்டேன்ங்க."

லூர்தம்மாள் சொல்லிப் பார்த்தார். நான் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்: பட்டறை எங்களுடையது, விறகு எங்களுடையது, மாதப்பனும் எங்களுடையவர், ஆனால் சவரிமுத்து பார்க்க மாட்டார். சாலையோரப் புளியமரத்தடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

மாதப்பன் மூன்று குழாய்களையும் மெல்லிய நெருப்பின் மேல் வரிசையாக வைத்தார். சிவசங்கரன் ஆசையோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"கெட்டுதுங்களா?"

"இன்னும் இல்லை. நல்லா இருக்கு" என்று சிவசங்கரன் வருத்தத்தோடு கத்தினார்.

முதுகு சற்று அசைந்தது. தலை பாதி திரும்பியது.

"நல்லா இருக்கறப்பவே எடுத்துடுங்களேன்!"